முதல்ல உங்க வீட்டப் போடுங்க

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குப் பேச்சாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஒரே உதையில் கதவு திறந்தது. தாழ்ப்பாள் பிய்ந்து அடுப்பு மேடை வரைக்கும் வந்து விழுந்தது.

வாசலில் நின்றவன் பாண்டியராஜ். அவளுக்குத் தாலி கட்டியவன். வடமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் மினி வேன் ஓட்டுகிறவன். பதினாலு மாதத்துக்கு முன்னால் அவனிடமிருந்து தப்பி ஓடிவந்து, திண்டுக்கல்லில் இந்த மாடி அறையில் அவள் ஒளிந்திருந்தாள். அவன் கையில் வேனுக்கு ஜாக்கி போடும் இரும்புக் கம்பி இருந்தது. முகத்தில் சிரிப்பு இருந்தது. கம்பியை விட அவளுக்கு அந்தச் சிரிப்பைத்தான் பயம்.

"எங்கெல்லாம் தேடுனேன் புள்ள," என்றான். "கடைசியில நீயே படம் போட்டுக் காட்டிட்ட. மாடிப்படி எந்தப் பக்கம் இருக்குன்னு கூடப் போட்டிருக்கியே. ரொம்ப வசதியா இருந்துச்சு."

அரிசிப் பானையை எத்தினான். முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். இடது காதோரம் ஓங்கி அறைந்தான். காதுக்குள் ஏதோ கிழிந்து, உலகத்தில் பாதிச் சத்தம் அப்படியே நின்றுபோனது. கம்பியை ஓங்கியபோது அவள் குனிந்தாள். அடி உச்சந்தலையைச் சிராய்த்துக்கொண்டு போனது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் முடியை விடாமல் படியில் தரதரவென்று இழுத்துக்கொண்டு இறங்கினான். வேன் கீழே உறுமியபடி நின்றது.

கீழ்வீட்டு ரஃபியா அப்போதுதான் ஜெராக்ஸ் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். பேச்சாயிக்கு வேலையும் கொடுத்து, மாடியில் அறையும் கொடுத்தவள் அவள்தான். ஆள் ஒல்லி, வாய் பெரிது. அன்றைக்கு வாய் திறக்க நேரமில்லை. கைக்குக் கிடைத்தது ஐந்நூறு தாள் பேப்பர் கட்டு. அதைத் தூக்கி நேராக அவன் மூஞ்சியில் எறிந்தாள். மூக்கு உடைந்தது. பேச்சாயியின் முடி அவன் கையிலிருந்து நழுவியது. அவன் திரும்பி, கம்பியால் ரஃபியாவின் தோளில் ஒரே போடாகப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் பேச்சாயியின் நல்ல காதில் விழுந்தது.

தெரு கூடிவிட்டது. இறைச்சிக் கடைக்காரர் கத்தியோடு ஓடிவந்தார். பாண்டியராஜ் வேனில் ஏறினான்.

"திரும்ப வாரேன்," என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நீ எங்க போனாலும் வாரேன்."

சொன்ன சொல் தவறாதவன் என்று ஊரில் அவனுக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல காரியத்துக்கு அந்தப் பெயரை அவன் என்றைக்கும் செலவழித்ததில்லை.

இனி பிராங்க்ளின் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பேச்சாயி முன்னமே சுதாரித்திருப்பாள்.

பாலிடெக்னிக்கில் வாத்தியார். ஏழு வருஷமாகத் திண்டுக்கல்லில் ஒரு கணினிக் குழு நடத்துகிறார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட மென்பொருள்கள், எல்லாரும் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியம், எல்லாரும் சேர்ந்து வரையும் ஊர் வரைபடம், இவைதான் அவருக்குச் சாமி. மாதம் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, நேருஜி நகரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹாலில் கூட்டம். உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒன்பதும் ஆண்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் 'பெண்களையும் புதியவர்களையும் குழுவுக்குள் கொண்டுவர வேண்டும்' என்று தீர்மானம் போட்டுவிட்டு பஜ்ஜி சாப்பிடுவார்கள். ஏழு வருஷத்தில் தீர்மானம் எண்பது தடவை நிறைவேறியது. பெண்தான் வரவில்லை. ஒரே ஒருத்தி ஒரு தடவை வந்தாளாம். டீ ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனவள் போனவள்தான்.

ரஃபியாவின் கடைக் கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துப் படுத்தபோது பிராங்க்ளின் வந்து பழுது பார்த்தார். பக்கத்தில் நின்ற பேச்சாயி, அவர் எதை அழுத்தினாலும் "இது எதுக்கு சார்?" என்று கேட்டாள். மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

"மேடம், நீங்க எங்க கூட்டத்துக்குக் கட்டாயம் வரணும்."

இருபத்தொன்பது வயதில் முதன்முதலாக ஒருவர் அவளை மேடம் என்றார். அதற்காகவே போகலாம் என்று தோன்றியது. ஆனாலும் வாசலிலேயே நிபந்தனை போட்டாள்.

"என் போட்டோ எதுலயும் வரக்கூடாது சார்."

பிராங்க்ளின் பைபிள் மேல் அடித்த மாதிரி சத்தியம் செய்தார். காப்பாற்றவும் செய்தார். குழுவாகப் படம் எடுத்தபோது கேமராவை அவள் கையிலேயே கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைப் பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் முதலில் தன் சொந்த வீட்டை வரைபடத்தில் வரைய வேண்டும். தன் வீட்டைப் பற்றி யாருக்கும் தப்பு வராது, கை பழகும் என்பது காரணம். வரைந்து முடித்ததும் எல்லாரும் சுற்றி நின்று கை தட்டுவார்கள்.

"முதல்ல உங்க வீட்டப் போடுங்க மேடம்," என்றார் பிராங்க்ளின்.

பேச்சாயியின் கை மவுஸ் மேல் செத்த நேரம் சும்மா இருந்தது. பிறந்த வீடு அண்ணன் பெயரில், வாழப் போன வீடு மாமியார் பெயரில். போன் வைத்திருந்த குற்றத்துக்காக அம்மிக் குழவியால் நசுக்கப்பட்ட இடது சுண்டுவிரல் மட்டும்தான் அவளுக்கென்று கிடைத்த சொத்து; அது இன்னும் மடங்காது. அப்படிப்பட்டவள் தன் வீடு என்று எதைப் போடுவாள்? ரஃபியாக்காவின் மாடி அறையைப் போட்டாள். நாலு மூலை. வெளிப் படிக்கட்டு, கிழக்குப் பக்கம். பெயர் கேட்ட இடத்தில் 'பேச்சாயி' என்று அடித்தாள். திரையில் அது பளிச்சென்று வந்து நின்றதும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை.

"வீட்டு முன்னாடி நிக்கிறது சிமெண்டு போஸ்ட்டா, இரும்பு போஸ்ட்டா தாயி?" என்று கேட்டார் பொம்மையன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்தில் உள்ள அத்தனை மின்கம்பத்தையும் டிரான்ஸ்பார்மரையும் வரைபடத்தில் ஏற்றிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று சபதம். வேறு எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது.

"இரும்பு, அண்ணே."

"பழைய லைன்," என்று குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பிராங்க்ளின் குழுவின் பக்கத்தில் எழுதினார். 'திண்டுக்கல்லின் முதல் பெண் வரைபடக்காரர், வடமதுரை மண்ணின் மகள் பேச்சாயி அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' பெயரைத் தொட்டால் அவள் வரைந்ததெல்லாம் வரிசையாக வரும். முதலில் வருவது வீடு. பத்தொன்பது வாட்ஸப் குழுக்களில் அது பரவியது. எல்லாரும் கை கூப்பினார்கள். மூன்று வாரம் கழித்து, ஒட்டன்சத்திரம் சந்தையில் லோடு இறங்கும் வரை வேனுக்குள் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனின் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

முகத்தை மறைத்துவிட்டு விலாசத்தைக் கொடுத்த புண்ணியவான் பிராங்க்ளின்.

அரசு மருத்துவமனைக்கு அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கூடவே ஆனந்த்ராஜ். குழுவின் சட்டப் புத்தகம் அவன்தான்; இருபத்தேழு வயது, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன், ஒரு சந்தின் அகலம் தப்பாக இருந்தால் கூட நாலு பேரோடு சண்டை போடுவான்.

பேச்சாயியின் தலையில் ஏழு தையல். காதுச் சவ்வு போய்விட்டது. பக்கத்துக் கட்டிலில் ரஃபியா தோளில் கட்டோடு கிடந்தாள். வாய்க்குக் கட்டுப் போடவில்லை.

"வாங்க துரைமாரே! கல்யாணப் பத்திரிகை மாதிரி விலாசம் அடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்தீங்களே, நல்லா இருப்பீங்களா?"

பிராங்க்ளின் அழுதார். நடு வார்டில், நாற்பத்து மூன்று வயது மனுஷன், பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். பேச்சாயிக்கு இரக்கம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அடி வாங்கியவள் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற அழுகை அது.

"அந்த வீட்ட அழிச்சிருங்க," என்றாள்.

ஆனந்த்ராஜ் மென்று விழுங்கினான். "அழிக்கலாம்க்கா. ஆனா வரலாறு நிக்கும். யாரு எதப் போட்டாங்க, எத எடுத்தாங்க, எப்ப எடுத்தாங்க, அம்புட்டும் எல்லாருக்கும் தெரியும். மறைக்கச் சொல்லி மேல எழுதியிருக்கோம், ஆனா நாளாகும். எதையும் ஒளிக்கக் கூடாதுங்கிறதுதான் இதோட நேர்மையே."

"ஓன் நேர்மையக் கொண்டுபோய் குப்பையில கொட்டு," என்றாள் ரஃபியா.

அன்றைக்கே வீட்டை அழித்தார்கள். மறுநாள் காலை ரஃபியாவின் கடை நம்பருக்குத் தெரியாத நம்பரிலிருந்து குரல் செய்தி வந்தது. மூக்கடைத்த குரல்.

"என்ன புள்ள, வீட்ட அழிச்சிட்ட? நீ கோடு போட்டாலும் தெரியும், அழிச்சாலும் தெரியும். தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அடுத்த தடவ கம்பி இல்ல. கழுத்துதான்."

ஸ்டேஷனில் வழக்குப் பதிவாகியிருந்தது. ஆள் தலைமறைவு. வீட்டில் இல்லை, சந்தைக்கு வரவில்லை, போனும் மாற்றிவிட்டான். எஸ்.ஐ. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "எங்க இருக்கான்னு தெரிஞ்சா தகவல் சொல்லும்மா."

ஆட்டோவில் திரும்பும்போது பேச்சாயி யோசித்துக்கொண்டே வந்தாள். வேறு ஊருக்குப் போகலாம். கோயம்புத்தூர், திருப்பூர், எங்கேயும் போகலாம். போய் மறுபடி பெயர் சொல்லாமல், மறுபடி ஜன்னலைத் திறக்காமல், கதவு தட்டும் சத்தத்துக்கெல்லாம் மூத்திரம் முட்டுகிற பிழைப்பு. பதினாலு மாதம் அப்படித்தான் இருந்தாள். அதை வாழ்க்கை என்று சொன்னால் வாழ்க்கைக்கே அவமானம். பிறகு எஸ்.ஐ. சொன்னது ஞாபகம் வந்தது. எங்கே இருக்கிறான்?

எங்கேயும் இல்லை. ஆனால் தினமும் தவறாமல் அவன் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம் ஒன்று இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவை அவசரமாகக் கூட்டச் சொன்னாள். தலைக்கட்டோடு வந்து நடு ஹாலில் நின்றாள். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். குற்ற உணர்ச்சிக்கு அவ்வளவு பலம் உண்டு.

"நாளைக்கு மத்தியானம் என் வீட்ட மறுபடியும் போடப் போறேன். இந்த ஹாலத்தான் போடப் போறேன். அவரு காலையில ஏழு, ஏழரைக்குத்தான் வருவாரு. போன தடவ மாதிரி, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பாத்து. ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு நீங்க எல்லாரும் இங்க இருக்கணும். முன்னாடியே சொன்னா போலீசு நம்பி வந்து காத்திருக்க மாட்டாங்க; அவரு வந்ததும் போன் பண்ணணும். ஸ்டேஷன்லருந்து வர பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் நிக்கணும்."

"மேடம்," என்றார் பிராங்க்ளின் தயங்கித் தயங்கி, "வரைபடத்துல பொய் போடக் கூடாது. அது மட்டும்தான் நம்மகிட்ட இருக்கிற ஒரே..."

"பொய் இல்ல சார்." வாசலைக் காட்டினாள். அங்கே அவளுடைய துணிப்பையும் ஸ்டவ்வும் இருந்தன. "குடி வந்துட்டேன். நீங்கதான வருக வருகன்னு எழுதுனீங்க. வந்திருக்கேன்."

"இரும்புக் கம்பியோட வந்தவன் அருவாளோட வருவானே தாயி," என்றார் பொம்மையன்.

"வருவாருண்ணே."

"சரி. எங்கிட்ட ஃபைபர் கம்பு ஒண்ணு இருக்கு. லைன்ல விழுந்த கிளையத் தள்ளுற கம்பு. எட்டடி. எடுத்துட்டு வாரேன்." அத்தோடு அவர் தன் டிரான்ஸ்பார்மர்களுக்குத் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பேச்சாயி நாலு மூலை போட்டாள். வெளிப் படிக்கட்டு, தெற்குப் பக்கம். 'பேச்சாயி, மாடி' என்று அடித்தாள். அன்றிரவு அவளுக்குத் துணையாக ரஃபியா ஒற்றைக் கையோடு வந்து படுத்துக்கொண்டாள். கீழே படியில் பொம்மையன் கம்பை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணி. ஒன்பது பேரில் ஒருவருக்கு மைத்துனர் மகள் காது குத்து. ஒருவருக்கு வத்தலக்குண்டில் அவசர வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வத்தலக்குண்டில் அப்படி என்ன அவசரமோ. ஒருவருக்கு இரவிலிருந்து பேதி, அதை மட்டும் நம்பலாம். மற்ற மூவரும் போனையே எடுக்கவில்லை. ஆக வந்தது மூன்று பேர்: பிராங்க்ளின், பொம்மையன், எதிர் டீக்கடையில் போனைக் கையில் பிடித்தபடி நின்ற ஆனந்த்ராஜ்.

ஆனால் ரஃபியா தன் தெருவிலிருந்து மூன்று பெண்களை வரச் சொல்லியிருந்தாள். இறைச்சிக் கடைக்காரர் மனைவி, ஒரு தையல்காரி, பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருந்த வாய்ப்பாட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எண்பது தீர்மானத்தால் முடியாததை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி ஒரே போனில் முடித்துவிட்டாள். அந்த ஹாலில் முதல் தடவையாகப் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு.

பிராங்க்ளின் கதவைத் தாழிடப் போனார். பேச்சாயி தடுத்தாள்.

"தெறந்தே கெடக்கட்டும் சார். ஒதைக்கிறதுக்குக் கதவு இருந்தாத்தான் அவருக்குத் தெம்பு."

ஏழு இருபதுக்கு வேன் வந்தது. ஆனந்த்ராஜ் போனைக் காதில் வைப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. படியில் செருப்புச் சத்தம். அவசரமே இல்லாத சத்தம். ஓடிவிடலாம் என்று பேச்சாயிக்குக் கால் சொன்னது. ஓட இடமில்லை என்பதுதான் இந்தத் திட்டத்தில் அவளுக்குப் பிடித்த விஷயம்.

பாண்டியராஜ் வாசலில் வந்து நின்றான். மூக்கில் பிளாஸ்திரி. கையில் தேங்காய்த் தோப்புக்காரர்கள் வைத்திருக்கும் வளைந்த அரிவாள். திறந்து கிடந்த கதவும் உள்ளே இருந்த ஆட்களும் அவனைக் கணநேரம் குழப்பின.

அந்தக் கணத்தில் பிராங்க்ளின் எழுந்தார். ஏழு வருஷமாக அந்த வாசலில் யார் வந்து நின்றாலும் சொன்ன வார்த்தை, பயத்தில் தானாகவே வாயிலிருந்து வந்தது.

"வாங்க. உக்காருங்க."

பாண்டியராஜ் வெட்டினான். கழுத்துக்கு வந்ததைப் பிராங்க்ளின் கையைத் தூக்கித் தடுத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. ரத்தம் வாய்ப்பாட்டின் மேல் தெறித்தது. அவர் கத்தவில்லை. கையை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். ஆனால் நகரவில்லை, பேச்சாயிக்கும் அவனுக்கும் நடுவில்தான் உட்கார்ந்தார்.

பொம்மையன் கம்பைச் சுழற்றினார். முதல் அடி முதுகில் விழுந்தது. பாண்டியராஜ் திரும்பி வீசிய வீச்சில் அவர் தொடை பிளந்தது. "ஏலே!" என்று அலறிக்கொண்டே கிழவர் கம்பை மறுபடியும் அவன் நெஞ்சில் குத்தித் தள்ளினார். அவன் பின்னால் தடுமாறிச் சுவரில் சாய்ந்ததுதான் தாமதம், சத்துணவுக்காரி "தூக்குங்கடி!" என்றாள். மூன்று பெண்களும் டியூஷன் பெஞ்சைத் தூக்கி, ரஃபியா நல்ல தோளைக் கொடுத்து, நாலு பேருமாக அவனைச் சுவரோடு வைத்து நெரித்தார்கள். இடுப்புக்கு மேல் பெஞ்சுப் பலகை. இடது கை மாட்டிக்கொண்டது. வலது கை வெளியே. அரிவாள் அந்தக் கையில்.

அவன் கண்மூடித்தனமாக வீசினான். ரஃபியாவின் கட்டுத் துணி கிழிந்தது. தையல்காரியின் கன்னத்தில் ஒரு கோடு விழுந்து சிவந்தது. பலகை வழுக்கத் தொடங்கியது. பத்து நிமிஷத்தில் மூன்று கூட ஆகியிருக்காது.

பேச்சாயி திரும்பினாள். மேசையில் புதியவர்கள் பழகுகிற பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவள் வீட்டை வரைந்த கம்ப்யூட்டர். கீழே இருந்த இரும்புப் பெட்டியை ஒயர்களோடு பிடுங்கினாள். அரிவாள் வீசிய கை பலகையின் விளிம்பில் வந்து விழுந்த நேரம் பார்த்து, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, மணிக்கட்டில் இறக்கினாள்.

நொறுங்கிய சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். அவள் சுண்டுவிரலும் அப்படித்தான் சத்தம் போட்டது. அரிவாள் கீழே விழுந்தது. தையல்காரி அதைக் காலால் எத்தித் தள்ளினாள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மறுபடி தூக்கினாள், மறுபடி இறக்கினாள். இரண்டாவது அடி அரிவாளுக்காக இல்லை. அது தன் விரலுக்காக. மூன்றாவது தன் காதுக்காக. அவன் ஊளையிட்டான். அவளுக்கு அது இனித்தது. ஆறு வருஷம் வாங்கியதெல்லாம் கைக்குள் ஒன்றாக இறங்கி நின்றது. நாலாவதாகத் தூக்கியபோது கை அல்ல, தலைதான் குறி. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"பேச்சி," என்றாள் ரஃபியா. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். "போதும். அவன் செத்தா நீ உள்ள போவ. அதுக்கா குடி வந்த?"

பெட்டி தலைக்கு மேலேயே நின்றது.

"விட்டுரு," என்றான் பாண்டியராஜ். "விட்டுரு புள்ள."

அந்த வார்த்தையை அவள் அவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவை கூட அவன் கேட்டதில்லை. கை வலித்தது. தரையில் பிராங்க்ளின் தன் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சாயி பெட்டியை இறக்கிப் பெஞ்சின் மேல், அவன் மூஞ்சிக்கு நேர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். போலீஸ் படியேறி வரும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

"ஆள் எங்க இருக்காருன்னு தெரிஞ்சா சொல்லச் சொன்னீங்களே சார்," என்றாள் எஸ்.ஐ.யிடம். "இங்க இருக்காரு."

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிராங்க்ளினின் ஒரு விரலை ஒட்டினார்கள். அது மடங்காது. இன்னொன்று போனது போனதுதான். பொம்மையன் கம்பை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். கம்புக்கு ஒரு வேலை கிடைத்தது என்கிறார். பாண்டியராஜ் உள்ளே இருக்கிறான். என்றைக்காவது ஜாமீனில் வருவான். அது பேச்சாயிக்குத் தெரியும். ரஃபியாவின் மாடி அறைக்கே திரும்பி வந்து, கதவுக்கு இப்போது இரண்டு தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள். நேருஜி நகர் மாடியில் அவள் பெயரோடு நின்ற வீட்டை அழிக்கலாமா என்று ஆனந்த்ராஜ் அவனாகவே கேட்டான். "ரெண்டு நாளு குடியிருந்தேன்ல, இருக்கட்டும்," என்றாள். அவன் அதற்குமேல் சட்டம் பேசவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. வாய்ப்பாட்டில் கறை போகவில்லை. ரஃபியா, அவளுடைய மூன்று பேர், அவர்கள் கூட்டி வந்த இரண்டு பேர் என்று பெண்கள் பெஞ்சு நிரம்பியிருந்தது. காது குத்துக்காரரும் வத்தலக்குண்டுக்காரரும் வந்திருந்தார்கள். டீ ஊற்றும் வேலையை ரஃபியா அவர்களுக்குக் கொடுத்திருந்தாள்.

பத்தரை மணிக்கு ஒரு பெண் வாசலில் தயங்கி நின்றாள். தேவதர்ஷினி, கல்லூரியில் இரண்டாம் வருஷம். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை. புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தாள்.

"வாங்க, உக்காருங்க," என்று எழுந்தார் பிராங்க்ளின். "முதல்ல உங்க..."

பாதியில் நின்றார். அவர் கட்டுப்போட்ட கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச்சாயியைப் பார்த்தார்.

பேச்சாயி ஓரம் நசுங்கிய அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அது முனகிக்கொண்டே உயிர் பெற்றது. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மொதல்ல ஒரு டிரான்ஸ்பார்மர் போடு கண்ணு. எந்தத் தெருவுல இருக்கதுன்னாலும் சரி. பொம்மையண்ணன் இடம் சொல்லுவாரு."

"பேரு கேக்குதேக்கா?"

"ஏதாச்சும் ஒரு பேரு வச்சுக்க. ஓன் பேரு வேணாம்."

"நீங்க ஒங்க பேரத்தான வச்சிருக்கீங்க?"

"என்னையத்தான் கண்டுபிடிச்சாச்சே," என்றாள் பேச்சாயி.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள், பேச்சாயியின் கேட்காத காதுப் பக்கம். பேச்சாயி தலையைத் திருப்பி, நல்ல காதைக் கொடுத்தாள்.

"வீடு? இங்க வந்தா மொதல்ல வீட்டத்தான் போடணும்னு சொன்னாங்க."

"வீட்டப் போடவே வேணாம்."

"அப்பாடா," என்றாள் தேவதர்ஷினி. அதற்குப் பிறகுதான் பையை நெஞ்சிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.